டார்ச் விளக்கில் மின்னேற்றும் பாட்டரிகள்

2022 வரை சித்தூர் மாவட்டத்திலிருந்து, இப்போது திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்துள்ள வரதய்யபாளையம் போன்ற ஏரிப்பாசன ஊர்களில், இரவில் மதகைத் திறக்கச் செல்பவருக்கு டார்ச் விளக்கு இன்றியமையாதது. வரப்பில் பாம்பு கிடப்பதை அதுவே காட்டுகிறது. முன்னர் அதில் இடப்பட்டவை ஒருமுறை பயன்படுத்தி எறியும் துத்தநாக உலர்கலங்கள். இன்று மீண்டும் மின்னேற்றத்தக்க கலங்கள் பரவலாகிவிட்டன. லித்தியம் கலங்களைச் செய்யும் தொழிற்சாலை ஒன்று திருப்பதியிலேயே 2022-இல் முன்னோட்ட உற்பத்தியைத் தொடங்கிற்று.

உலர்கலத்தின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்; நிக்கல் ஹைட்ரைடு கலத்தினது 1.2, லித்தியம் அயன் கலத்தினதோ ஏறத்தாழ 3.7. '14500' என எண் பொறித்த லித்தியம் கலம் 14 மில்லிமீட்டர் குறுக்களவும் 50 மில்லிமீட்டர் நீளமும் உடையது. சாதாரணப் பென்சில் கலத்தின் அளவும் அதுவே. உருவம் பொருந்துகிறதென்று மாற்றியிட்டால் விளக்கு கெடும். எண்ணைப் படித்தறியும் பழக்கத்தை ஆசிரியர்கள் வகுப்பிலேயே கற்பிக்கலாம்.

பெரிய அபாயம் தொடரிணைப்பில் உள்ளது. இரண்டு மூன்று கலங்கள் வரிசையாக அமையும்போது, ஒரே மின்னோட்டம் எல்லாவற்றின் வழியாகவும் பாய்கிறது. அவற்றுள் ஒன்று பழையதாயின் அதுவே முதலில் தீரும். மற்றவை அதன் வழியே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்த, அதன் நேர்முனையும் எதிர்முனையும் மாறிவிடுகின்றன. நிக்கல் கலமாயின் உள்ளே வாயு பெருகி இரசாயனம் கசியும். லித்தியம் கலத்தில் உட்புறச் செப்புத் தகடு கரைந்து, மறுமுறை மின்னேற்றுகையில் உட்குறுக்குச்சுற்று நேர்ந்து தீப்பற்றக்கூடும். மழைநீர் புகாதவாறு இறுக மூடிய உலோக விளக்கில் வாயு வெளியேற வழியில்லை. மழைக்கு உதவும் அந்த மூடியே இங்குப் பகையாகிறது. ஆகவே புதியதையும் பழையதையும், வெவ்வேறு வகைகளையும் ஒருங்கே இடலாகாது. ஒளி மங்கியதும் விளக்கை அணைத்துவிட வேண்டும்.

உலர்கலத்தை எக்காரணங்கொண்டும் மின்னேற்றியில் வைக்கலாகாது. லித்தியம் கலத்தைப் பெரும்பாலும் 4.2 வோல்ட்டில் நிறுத்தும், அதற்கேயுரிய மின்னேற்றியிலேயே வைக்க வேண்டும். 45 பாகை சென்டிகிரேடுக்கு மேல் மின்னேற்றுதல் தீங்கு; வெயிலில் நிறுத்திய ஜீப்பினுள் வெப்பம் இதனையும் கடந்துவிடும். சாவிக்கொத்துடன் கலத்தைச் சட்டைப்பையில் இடுவதும் தவறு. உப்பிய கலத்தையும், மேலுறை கிழிந்த கலத்தையும் ஒதுக்கிவிட வேண்டும்.

ஒதுக்கியதைக் குப்பையிலோ அடுப்பிலோ எறியலாகாது. 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய கலங்கள் திரும்பச் சேகரிக்கப்படுவதை உற்பத்தியாளரின் பொறுப்பாக்கியுள்ளன. ஒப்படைக்கும்வரை முனைகளின்மீது ஒட்டுநாடா ஒட்டி, உலர்ந்த மணல் நிரப்பிய வாளியில் வைத்திருப்பது நலம்.