கோலி சிக்ஸர் அடித்த கிரவுண்டில் ராணுவ முகாம்... போர் வந்தால் மைதானங்கள் என்னவாகும்?

2022 அக்டோபர் 23. டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிரா, ஹாரிஸ் ராஃப் பந்துல விராட் கோலி அடிச்ச அந்த ரெண்டு சிக்ஸரை மறக்க முடியுமா? ஞாயித்துக்கிழமை கம்பெனி லீவுன்னதும் பேட்டைத் தூக்கிட்டு கிரவுண்டுக்குக் கிளம்புற திருப்பூர் பசங்களைக் கேட்டா, அந்த ஓவரை பந்து பந்தா சொல்வாங்க. மேட்ச் நடந்தது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்துல. 80 வருஷத்துக்கு முன்னாடி அதே மைதானத்தோட கேலரிகள்ல ராணுவ வீரர்கள் படுத்துத் தூங்கினாங்க!

இரண்டாம் உலகப் போர் நேரம். 1942-ல் ஆஸ்திரேலிய அரசு மைதானத்தை ராணுவத்துக்காக எடுத்துக்கொண்டது. முதலில் வந்தது அமெரிக்க விமானப்படை. போரில் இறந்த தங்கள் அதிகாரி ஒருவரின் பெயரால் 'கேம்ப் மர்ஃபி' என்று பெயர் வைத்தார்கள். 1943-ல் குவாடல்கனால் தீவில் சண்டை போட்டுக் களைத்த அமெரிக்க மரைன் வீரர்கள் வந்தார்கள். பிறகு ஆஸ்திரேலிய விமானப்படை. போர் முடிவதற்குள் 2 லட்சம் பேருக்கு மேல் அங்கே தங்கிப்போனார்கள்.

ஏன் மைதானம்?

திடீர்னு ஆயிரக்கணக்கான பேர் வந்து இறங்குறாங்க. புதுசா கட்டடம் கட்ட மாசக்கணக்காகும். மைதானம்னா மட்டமான நிலம் ரெடியா இருக்கு. கூரை போட்ட கேலரி, தண்ணி, கழிப்பறை எல்லாம் இருக்கு. சுத்தி மதில் இருக்கறதால வாசல்ல காவல் போட்டா போதும். யாரையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்லவும் வேண்டாம்.

நமக்குப் பக்கத்துலயும் இது நடந்திருக்கு. கொழும்புல குதிரைப் பந்தய மைதானம் விமான ஓடுதளமா மாறுச்சு. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பான் விமானங்கள் குண்டு வீச வந்தபோது, அப்படி ஒரு ஓடுதளம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அங்கிருந்து பிரிட்டிஷ் ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிப்போய் மோதின. அந்த இடத்துல இப்போ ரக்பி ஆடுறாங்க.

சிங்கப்பூரில் ஒரு முடிவு

சிங்கப்பூர் ஃபேரர் பார்க் கதை வேற மாதிரி. குதிரைப் பந்தயம் 1933-ல் வேறு இடத்துக்குப் போனபிறகு, அது விளையாட்டு மைதானமானது. 1942 பிப்ரவரி 15-ல் பிரிட்டிஷ் படை ஜப்பானிடம் சரணடைந்தது. இரண்டே நாளில், சுமார் 45,000 இந்திய வீரர்களை இந்த மைதானத்தில் கூட்டினார்கள். அவர்களைப் பிரிட்டிஷ் தரப்பு ஜப்பானிடம் ஒப்படைத்தது. ஜப்பான் அதிகாரி ஃபுஜிவாரா பேசினார். அடுத்து கேப்டன் மோகன் சிங், இந்திய விடுதலைக்காக ஒரு படையில் சேர அழைத்தார்.

யோசிச்சுப் பாருங்க. நேத்துவரை யாருக்காகச் சண்டை போட்டாங்களோ, அவங்களே கைவிட்டுட்டாங்க. சேர்ந்தா பழைய ராணுவத்துக்குத் துரோகி. சேரலைன்னா போர்க்கைதி. ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள். மறுத்தவர்களில் பலரை கூலிவேலைக்காக நியூ கினி வரை கப்பல் ஏற்றினார்கள். அங்கே பசியிலும் நோயிலும் செத்தவர்கள் நிறைய. இப்படிப் பிறந்ததுதான் இந்திய தேசிய ராணுவம். 1943-ல் நேதாஜி தலைமை ஏற்றபோது, மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்களும், பெண்கள் உட்பட, அதில் சேர்ந்தார்கள்.

மெல்போர்ன் மைதானத்துல 1946-லயே மறுபடி விளையாட்டு ஆரம்பிச்சிருச்சு. 1956 ஒலிம்பிக்ஸும் அங்கேதான் நடந்துச்சு. ஃபேரர் பார்க்கில் சுமார் 1,600 வீடுகள் கட்டப்போவதாக 2021-ல் அறிவிப்பு வந்தது. விளையாட்டுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குவோம் என்றார்கள்.

நம்ம ஊர்ல இருந்து சிங்கப்பூர் போறவங்க முஸ்தபா கடைக்குப் போகாம வர மாட்டாங்க. அடுத்த தடவை ஷாப்பிங் முடிஞ்சதும், பையைத் தூக்கிட்டு அப்படியே பக்கத்துல நடந்து போய்ப் பாருங்க. ஒரு தெருவுக்கு இன்னமும் 'ரேஸ் கோர்ஸ் ரோடு'ன்னுதான் பேர். 45,000 பேர் முடிவெடுக்க உட்கார்ந்திருந்த மைதானம் அங்கேதான் இருந்தது.