கிட்னி கொடுத்தவர் பிறகு எப்படி இருக்கிறார்?

திருச்சி உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு வீட்டில் ஒருவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது என்று டாக்டர் சொல்லிவிட்டால், அன்றிலிருந்து அலைச்சல்தான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ் (எந்திரத்தின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்வது). புத்தூர் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நடை, தனியாருக்கு ஒரு நடை. சில மாதம் கழித்து யாராவது கேட்பார்கள்: "வீட்டில் யாரும் கிட்னி கொடுக்க மாட்டீர்களா?"

நீங்கள்தான் கொடுக்கப் போகிறவர் என்றால், உங்கள் மனசுக்குள் ஒரு கேள்வி இருக்கும். கொடுத்துவிட்டு நான் எப்படி இருப்பேன்? உடம்பைப் பற்றி டாக்டர் சொல்லிவிடுவார். மனசைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்தே பார்ப்போம்.

கொடுத்தவர்கள் பின்னால் வருத்தப்படுகிறார்களா? பெரும்பாலோர் இல்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் கிட்னி கொடுத்தவர்களிடம் கேட்டு 1999இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு நான்கு பேர்தான் கொடுத்ததற்காக வருந்தினார்கள். அந்த ஆய்வில் 'மறுபடியும் என்றால் கொடுக்க மாட்டேன்' என்று அதிகம் சொன்னவர்கள் யார் தெரியுமா? கிட்னி பெற்றவரை ஓராண்டுக்குள் பறிகொடுத்தவர்களும், சற்றுத் தள்ளிய உறவுக்குக் கொடுத்தவர்களும்தான்.  யாருக்குக் கொடுத்தோம், அது என்ன ஆயிற்று என்பது உறுத்தியிருக்கலாம்.

'அமெரிக்கக் கணக்கு நமக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். நம் ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது, ஆனால் அது வேறு கதை. சென்னையில் கிட்னியை விற்ற 305 பேரிடம் 2001இல் பேசி, மறு ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்க விற்றவர்கள். விற்ற பிறகும் நான்கில் மூன்று பேர் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடம்பு முன்போல் இல்லை என்றவர்கள் 86 விழுக்காடு. இன்னொருவரை விற்கச் சொல்ல மாட்டோம் என்றவர்கள் 79 விழுக்காடு.

இது பழைய கதையும் அல்ல. 2025இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களிடம் தரகர்கள் கிட்னி வாங்கிய விவகாரம் வெளியே வந்தபோது, விசாரணை திருச்சி, பெரம்பலூர் தனியார் மருத்துவமனைகள் வரை நீண்டது. அறுவை சிகிச்சை எல்லோருக்கும் ஒன்றுதான். மனமுவந்து தம்பிக்குக் கொடுத்தவர் நிமிர்ந்து நடக்கிறார், கடனுக்கு விற்றவர் சட்டையை இழுத்துவிட்டுத் தழும்பை மறைக்கிறார். ஏன் கொடுத்தார், கொடுத்த பிறகு அவரை யார் கவனித்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அப்படியானால் சொந்த வீட்டுக்குள் கொடுப்பவர் எல்லோரும் மனமுவந்துதான் கொடுக்கிறார்களா? இங்கே கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். நம் நாட்டில் உயிரோடு இருக்கும்போது உறுப்பு கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மனைவியோ அம்மாவோ. பெறுபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 'அவர் சம்பாதிக்கிறவர், நீதான் வீட்டில் இருக்கிறாயே' என்ற ஒரு வரியில் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதே இல்லை. அன்பால் கொடுத்தாரா, வழியில்லாமல் கொடுத்தாரா என்பது அவருக்கே பல வருடம் கழித்துத்தான் தெளிகிறது.

மனசில் தயக்கம் இருந்தால் என்ன செய்வது? 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் யாரும் உங்கள் உறுப்பை எடுக்க முடியாது. கையெழுத்துப் போட்ட பிறகும், ஆபரேஷனுக்கு முன் எந்தக் கட்டத்திலும் 'வேண்டாம்' என்று சொல்லலாம். கணவர், மாமியார், அண்ணன் யாரும் அருகில் இல்லாமல் டாக்டரிடம் தனியாகப் பேசக் கேளுங்கள். வீட்டில் உங்களைக் காட்டிக்கொடுக்காமல், 'மருத்துவக் காரணத்தால் இவர் கொடுக்க முடியாது' என்று மட்டும் சொல்லச் சொல்லியும் கேட்கலாம். தயக்கத்தோடு கொடுத்தவருக்குத்தான் பின்னால் மனச்சுமை அதிகம். ஆகவே உங்கள் தயக்கத்தைச் சொல்வது நோயாளிக்குத் துரோகம் இல்லை.

ஆபரேஷன் முடிந்த உடனே மனசு எப்படி இருக்கும்? பலருக்கு ஆச்சரியம் தருவது இதுதான். நோயாளியாகப் போனவர் முகம் தெளிந்து எழுந்து உட்காருகிறார். நல்ல உடம்போடு போன நீங்கள் வலியோடு படுத்திருக்கிறீர்கள். பிரசவ வீட்டில் வருகிறவர் எல்லோரும் பிள்ளையையே பார்த்துவிட்டுப் போவதுபோல, உறவுக்காரர்கள் பெற்றவரின் கட்டிலைச் சுற்றியே நிற்பார்கள். சில வாரம் மனசு சோர்ந்து, காரணமில்லாமல் அழுகை வரலாம். 'நல்ல காரியம் செய்துவிட்டு இப்படி நினைக்கிறோமே' என்று அதற்காகவும் குற்ற உணர்ச்சி வரும். இது பலருக்கும் வருவது, பெரும்பாலும் தானாகக் குறைந்துவிடும். இரண்டு மூன்று மாதமாகியும் தூக்கமும் பசியும் திரும்பவில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. உறையூர் வெக்காளியம்மனுக்கு வேண்டுதல் சீட்டு எழுதிக் கட்டுகிறீர்கள் என்றால், நோயாளியின் பெயரோடு கொடுப்பவர் பெயரையும் எழுதுங்கள். அவரைக் கவனிக்கவும் தனியாக ஓர் ஆளை வையுங்கள். ஒரே ஆள் இரண்டு கட்டிலையும் பார்க்க முடியாது.

வேலைக்கு எப்போது போகலாம்? துளை போட்டுச் செய்யும் அறுவை என்றால் பெரும்பாலும் சில நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை எதையும் தூக்கக் கூடாது. உட்கார்ந்து செய்யும் வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். தறியில் உட்காருபவர், சித்தாள் வேலைக்குப் போகிறவர் தங்கள் வேலை என்னவென்று டாக்டரிடம் விளக்கிச் சொல்லி நாள் கேட்க வேண்டும். மத்திய அரசு ஊழியர் என்றால் உறுப்பு கொடுத்ததற்கு 42 நாள் வரை சிறப்பு விடுப்பு உண்டு. தினக்கூலிக்கு அப்படி ஒன்றும் இல்லை. இறந்த பின் உறுப்பு கொடுத்தவர்களுக்குத் தமிழக அரசு 2023 முதல் இறுதிச் சடங்கில் அரசு மரியாதை தருகிறது. நல்லது. உயிரோடு கொடுத்துவிட்டு ஒன்றரை மாதக் கூலியை இழப்பவரை யார் கவனிப்பது என்பதையும் அரசு யோசிக்கலாம். அதுவரை, அந்தக் கூலி எங்கிருந்து வரும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே குடும்பம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். பேசாமல் விட்ட பணம்தான் பின்னால் அண்ணன் தம்பிக்குள் பேச்சை நிறுத்துகிறது.

ஒரு கிட்னியோடு எத்தனை வருடம் வாழலாம்? உலகிலேயே முதலில் வெற்றி பெற்ற சிறுநீரக மாற்று 1954இல் பாஸ்டனில் நடந்தது. இரட்டையரில் ஒருவரான ரொனால்டு ஹெரிக் தன் சகோதரர் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். ரிச்சர்டு அதன் பிறகு எட்டு ஆண்டு வாழ்ந்தார். கொடுத்த ரொனால்டு 2010 வரை, 79 வயது வரை இருந்தார்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மிச்சமிருக்கும் கிட்னி கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் சேர்ந்து செய்ததில் சுமார் 70 விழுக்காடு வேலையைச் செய்யும். அமெரிக்காவில் 2014இல் வந்த பெரிய ஆய்வின் மதிப்பீட்டில், கொடுத்தவர்களில் பத்தாயிரத்துக்கு 90 பேருக்கு வாழ்நாளில் கிட்னி முழுதாகச் செயலிழக்கலாம். கொடுக்காத, அதே அளவு ஆரோக்கியமானவர்களில் அது 14 பேர். எண்ணிக்கை சிறியதுதான். ஆனால் அந்த 90இல் ஒருவர் நீங்களாக இருக்கக் கூடும் என்று தெரிந்தே கையெழுத்துப் போடுங்கள். இனி பிள்ளை பெற வேண்டிய பெண் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் பிரஷர் ஏறும் வாய்ப்பு கொடுத்தவர்களுக்குக் கூடுதல்.

கொடுத்த கிட்னி பழுதாகிப்போனால்? உயிரோடு இருப்பவர் கொடுத்த கிட்னி சராசரியாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். சிலருக்கு முதல் வருடத்திலேயே உடல் அதை ஏற்காமல் போகலாம். அது உங்கள் கிட்னியின் குற்றமோ உங்கள் குற்றமோ இல்லை. இதைவிடப் பொறுக்க முடியாதது ஒன்று உண்டு. பெற்றவர் மாத்திரையை விட்டுவிடுவார், திரும்பக் குடிக்கத் தொடங்குவார். 'என் கிட்னியைக் கெடுக்கிறான்' என்று பொங்கும். கோபம் நியாயமானது. ஆனால் கொடுத்த பிறகு அது அவருடையது, ஆயுள் முழுதும் காவல் இருக்க உங்களால் ஆகாது. இந்தப் பேச்சையும் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது.

கடைசியாக, எல்லோரும் தவறவிடும் காரியம். பெற்றவர் மாதாமாதம் டாக்டரைப் பார்க்கிறார். கொடுத்தவர் தையல் பிரித்ததோடு சரி. வருடம் ஒருமுறை பிரஷர், சுகர், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் (கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) நான்கையும் பார்க்க வேண்டும். மூட்டுவலி, தலைவலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோபினாக், புரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை வாங்கிப் போடக் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருக்கும் உப்பும் கணக்கில் வரும்.

நீங்கள் கிட்னி பெற்றவராக இருந்தால், அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது கொடுத்தவரையும் கூட அழைத்துப்போய் அவருக்கும் ஒரு சீட்டுப் போடுங்கள்.