பவளத் தீவுகளுக்கு ஒரு படகுப் பாதை

கிருஷ்ணகிரியில் சென்னைச் சாலை, சேலம் சாலை, பெங்களூர்ச் சாலை ஆகியவை கூடுகின்றன. ஓசூரில் சரக்கேற்றிக்கொண்டு கொச்சிக்குப் புறப்படும் லாரி ஓட்டுநர் தம் பாதையைப் பற்றி அதிகம் சிந்திப்பதில்லை. மைல்கற்கள் வழி சொல்லும். டீசல் தீர்ந்தால் வழியில் நிரப்பலாம். களைத்துப் போனால் ஓரமாக வண்டியை நிறுத்தலாம்.

அதே கொச்சியிலிருந்து ஓர் உல்லாச மோட்டார் படகில் ஏறி, அரபிக் கடலில் உள்ள இலட்சத்தீவுகளைச் சுற்றி வரவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அங்கே மைல்கல் இல்லை. டீசல் கிடைக்கும் என்ற நம்பிக்கை இல்லை. தீவை ஒட்டி நங்கூரம் போடலாமென்றால் அடியில் ஆயிரம் மீட்டருக்கும் மேல் ஆழம். எல்லாவற்றுக்கும் மேலாக, நாம் செல்லும் சாலையே நகர்ந்துகொண்டிருக்கிறது! இத்தகைய பயணத்தை எவ்வாறு திட்டமிடுவது? கடலிலிருந்து வெகு தொலைவில் வாழும் ஓசூர் வாசகருக்கு இது வேண்டாத வேலை என்று தோன்றலாம். ஆனால் இதற்கு வேண்டிய இரு முக்கியப் பொருள்களான டீசல் என்ஜினும் கடிகாரமும் ஓசூரிலேயே உருவாகின்றன. இந்தியக் கடல் வரைபடங்களை வெளியிடும் தேசிய நீர்வரைவியல் அலுவலகமும் இமயமலை அடிவாரத்து டேராடூனில்தான் இருக்கிறது. திட்டமிடுவதற்குக் கடற்கரை தேவையில்லை. காகிதம், பென்சில், கோணமானி ஆகியவை போதும்.

தீவுகளின் அமைப்பு

இலட்சத்தீவுகள் ஏறக்குறைய 8 முதல் 12 பாகை வரையுள்ள வட அட்சரேகைகளுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் மொத்த நிலப்பரப்பு சுமார் 32 சதுர கி.மீ. மட்டுமே. மக்கள் வாழும் தீவுகள் பத்து. இவை மலை முகடுகள் அல்ல. பவள உயிர்கள் கட்டிய திட்டுகள். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல அமிழ, அதன் ஓரத்தில் பவளம் ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்தால் இறுதியில் ஒரு வளையம் மட்டும் எஞ்சும் என்று 1842-இல் சார்லஸ் டார்வின் விளக்கினார். வளையத்தின் உள்ளே ஆழமற்ற நீர்ப்பரப்பு. வெளியே செங்குத்தாக இறங்கும் சரிவு.

இங்குள்ள பெரும்பாலான தீவுகளில் நிலம் வளையத்தின் கிழக்கு ஓரத்திலும், உள்நீர்ப்பரப்பு மேற்கிலும் உள்ளன. (அந்தரோத் தீவு விதிவிலக்கு, அங்கே சொல்லத்தக்க உள்நீர்ப்பரப்பு இல்லை.) ஆகவே, படகு பெரும்பாலும் தீவைச் சுற்றிக்கொண்டு மேற்கே போய், பவளச் சுவரில் உள்ள குறுகிய வாயில் வழியாகக் கிழக்கு நோக்கி நுழையவேண்டும். இந்தச் சிறிய செய்திதான் பயணத் திட்டம் முழுவதையும் ஆளப்போகிறது என்பதைப் பின்னர் காண்போம்.

தீவு கண்ணில் படுமா?

கடலில் தொலைவைக் கடல் மைலால் அளப்பார்கள். அட்சரேகையில் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு, ஒரு கடல் மைல், 1.852 கி.மீ. மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட் எனப்படும்.

கொச்சியிலிருந்து கல்பேனித் தீவு 287 கி.மீ., அதாவது 155 கடல் மைல். 8 நாட் வேகத்தில் சென்றால் ஏறக்குறைய 19½ மணி நேரப் பயணம். கல்பேனியின் நிலம் கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டரே உயர்ந்தது. தென்னை மரங்களின் உச்சியையும் சேர்த்து 22 மீட்டர் என்று கொள்வோம். பூமி உருண்டை என்பதால், உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 2.08-ஆல் பெருக்கினால் அடிவானத்தின் தூரம் கடல் மைலில் கிடைக்கும். தென்னைக்கு 9.8 மைல், 4 மீட்டர் உயரத்திலிருந்து பார்க்கும் நம் கண்ணுக்கு 4.2 மைல். இரண்டையும் கூட்டினால் 14 கடல் மைல். தெளிந்த பகலில்கூட 14 மைலுக்கு அப்பால் கல்பேனி நமக்கு இல்லாத தீவுதான்.

இனி நீரோட்டத்தைப் பாருங்கள். இந்தியாவின் மேற்குக் கரையை ஒட்டிய நீரோட்டம் குளிர்காலத்தில் வடக்கு நோக்கியும், தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் ஓடும். அதன் வேகம் ஒரு நாட் என்று வைத்துக்கொண்டால், 19 மணி நேரத்தில் அது நம்மை 19 மைல் பக்கவாட்டில் தள்ளிவிடும். தீவு தெரியும் தூரமோ 14 மைல். படகோட்டி நேராகவே ஓட்டியிருப்பார்; ஆயினும் தீவைப் பார்க்காமலே கடந்து, திறந்த கடலில் சென்றுகொண்டிருப்பார்.

இதற்குத் தீர்வு எளிய வடிவ கணிதமே. வடக்கு நோக்கி நீரோட்டம் இருந்தால், படகின் முகத்தைச் சற்றுத் தெற்கே திருப்பவேண்டும். எவ்வளவு? 8 செ.மீ. நீளமுள்ள கோட்டால் படகின் வேகத்தையும், அதன் நுனியிலிருந்து 1 செ.மீ. கோட்டால் நீரோட்டத்தையும் குறித்து, முக்கோணத்தை நிறைவு செய்து கோணத்தை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 7 பாகை வரும்.

விண்மீனும் கடிகாரமும்

நாம் எங்கே இருக்கிறோம் என்று அறிவது அடுத்த தேவை. துருவ விண்மீன் அடிவானத்திற்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, ஏறக்குறைய அதுவே நம் அட்சரேகை. கொச்சியும் கல்பேனியும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், 10 பாகைக்கு அருகில் உள்ளன. எனவே அந்த விண்மீனை ஒரே உயரத்தில் வைத்துக்கொண்டு மேற்கே சென்றாலே போதும். அரபு மாலுமிகளும் தீவு மாலுமிகளும் கயிறு கட்டிய சிறு பலகையால் இந்த உயரத்தை அளந்தார்கள். தமிழ் மாலுமிகள் அதனை ராப்பலகை என்றனர்.

தீர்க்கரேகையை அறியக் கடிகாரம் வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எனவே ஒரு கலை சுழல 4 வினாடி ஆகும். கடிகாரம் 4 வினாடி தவறினால் கணக்கு ஒரு கடல் மைல் தவறும். ஒரு நிமிடம் தவறினால் 15 மைல்! தீவு தெரியும் தூரமே 14 மைல் என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆங்கிலேயரான ஜான் ஹாரிசன் செய்த கடிகாரம் 1761-62-இல் ஜமைக்காவுக்குச் சென்ற கப்பலில் சோதிக்கப்பட்டு வெற்றி கண்டது. இன்று ஓசூர் டைட்டன் ஆலையில் செய்யும் சாதாரணக் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் அந்த வேலையை எளிதாகச் செய்துவிடுகிறது.

செயற்கைக்கோள் வழிகாட்டிகள் உள்ளனவே என்று கேட்கலாம். அவையும் கடிகாரங்களே. ஒரு மைக்ரோ வினாடியில் ரேடியோ அலை 300 மீட்டர் சென்றுவிடுமாகையால், அவற்றில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவை நம் இடத்தைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்கின்றன. ஆனால் பவளம் எங்கே இருக்கிறது என்பதை வரைபடம்தான் சொல்லவேண்டும். பழைய அளவீட்டில் வரைந்த பாறை, வரைபடத்தில் நூறு மீட்டர் தள்ளி இருந்தால் செயற்கைக்கோளால் அதைத் திருத்த முடியாது. ஆகவே வாயிலை நெருங்கியதும் கருவியை விடக் கண்ணையே நம்பவேண்டும்.

சூரியன் வகுக்கும் அட்டவணை

நீரின் நிறம் ஆழத்தைக் காட்டும். கருநீலம் என்றால் ஆழம். இளம் பச்சை என்றால் மணல் தரை. பழுப்பு என்றால் பவளம் மேலே வந்துவிட்டது என்று பொருள். ஆனால் சூரியன் உயரத்திலும் நமக்குப் பின்னாலும் இருந்தால்தான் இந்நிறங்கள் தெரியும். எதிரே இருந்தால் நீர் கண்ணாடி போல் பளபளக்குமே தவிர வேறொன்றும் தெரியாது.

நாம் கிழக்கு நோக்கி நுழைகிறோம். எனவே சூரியன் மேற்கே சாயத் தொடங்கியிருக்கவேண்டும். நம் கடிகாரம் 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. அதற்கு மேற்கே ஒவ்வொரு பாகைக்கும் உச்சிப் பொழுது 4 நிமிடம் தாமதமாகும். ஓசூரில் சராசரியாக 12.19-க்கு உச்சிக்கு வரும் சூரியன், கல்பேனியில் 12.35-க்குத்தான் வரும். எனவே பகல் 1 மணி முதல் 3 மணி வரையே நுழைவதற்கு உகந்த நேரம்.

இனிக் கணக்கைப் பின்னோக்கிப் போடவேண்டும். 1 மணிக்கு வாயிலில் இருக்க, 19½ மணி நேரத்தைக் கழித்தால் முந்திய நாள் மாலை 5.30. எதிர்பாராத தாமதத்திற்கு ஒன்றரை மணி சேர்த்தால் 4 மணிக்குக் கொச்சியை விடவேண்டும். முன்னதாக வந்துவிட்டால் வெளியே மெதுவாகச் சுற்றிக்கொண்டு காத்திருக்கலாம். தாமதமாக வந்தாலோ அன்று நுழையக்கூடாது. இரவெல்லாம் ஆழ்கடலில் விலகி நின்று மறுநாள் பிற்பகல் வரவேண்டும். தீவு எதிரே இருக்கிறது, களைப்பும் இருக்கிறது, பொழுதும் சாய்கிறது என்ற வேளையில்தான் படகுகள் பவளத்தில் ஏறுகின்றன.

டீசல் கணக்கு

நம் சுற்றுப் பாதையை இப்படி வைத்துக்கொள்வோம் (தொலைவு கடல் மைலில்):

கொச்சி – கல்பேனி: 155
கல்பேனி – கவரத்தி: 67
கவரத்தி – அகத்தி: 31
அகத்தி – கட்மத்: 41
கட்மத் – கொச்சி: 220
மொத்தம்: 514

20 மீட்டர் நீளமுள்ள படகு ஒன்று 8 நாட் வேகத்தில் மணிக்கு 30 லிட்டர் டீசல் குடிப்பதாகக் கொள்வோம். மைலுக்கு 3.75 லிட்டர். நீரைக் கிழித்துச் செல்லும் படகுக்குத் தேவையான திறன் ஏறக்குறைய வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயரும். வேகத்தை 10 நாட்டாக்கினால், கால் பங்கு வேகம்தான் கூடுகிறது. செலவோ மணிக்கு 58.6 லிட்டராகிவிடும். மைலுக்கு 5.86 லிட்டர். லாரியில் இவ்வளவு கடுமையான தண்டனை இல்லை.

அப்படியானால் எப்போதும் 8 நாட்டில் போகலாமே? கல்பேனியிலிருந்து கவரத்திக்குப் போகும் நாளைக் கவனியுங்கள். வாயிலைக் கடந்து வெளியேறவும் ஒளி வேண்டும். எனவே காலை 8 மணிக்கு முன் புறப்பட இயலாது. 8 நாட்டில் சென்றால் கவரத்தியை அடைவது மாலை 4.22-க்கு, காலம் கடந்துவிடும். 10 நாட்டில் சென்றால் பிற்பகல் 2.42. அன்று நாம் சுமார் 140 லிட்டர் டீசலைக் கூடுதலாகக் கொடுத்து ஒரு மணி 40 நிமிட வெளிச்சத்தை வாங்குகிறோம். பயணத் திட்டம் என்பது இத்தகைய கொடுக்கல் வாங்கல்தான்.

மொத்தத் தேவை சுமார் 2,070 லிட்டர். தீவுகளுக்கு எரிபொருள் கப்பலில் வருகிறது. அதில் பங்கு கேட்கலாம் என்று எண்ணிப் புறப்படுவது முறையன்று. போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, எதிர்க்காற்றுக்கும் எதிர்பாராததற்கும் ஒரு பங்கு என்பது மாலுமிகளின் வழக்கம். ஆகவே தொட்டியில் 3,100 லிட்டர் இருக்கவேண்டும். தொட்டி அதைவிடச் சிறியதானால் பாதையைத்தான் சுருக்கவேண்டுமே தவிர, சேமிப்பை அல்ல.

பருவமும் புயலும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இக்கடல் சிறு படகுகளுக்கு உரியதன்று. அக்டோபர் முதல் மே முற்பகுதி வரையே பயணக் காலம். அக்காலமும் முழுப் பாதுகாப்பானதல்ல. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் இறுதியில் குமரி முனை அருகே விரைந்து வலுப்பெற்று இலட்சத்தீவுகளைத் தாக்கியது. ஆழ்கடலில் முன்னரே சென்றுவிட்ட குமரி மாவட்ட, கேரள மீனவர்கள் நூற்றுக்கணக்கில் மாண்டும் காணாமலும் போயினர். கடலை நன்கறிந்தவர்கள் அவர்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. 2021 மே மாதத்தில் டவ்-தே புயலும் இத்தீவுகளின் அருகேதான் உருவாயிற்று. எனவே கரையோடு பேசும் வானொலியும், நாள்தோறும் வானிலை அறிக்கையைப் பெறும் ஏற்பாடும் டீசலைப் போன்றே இன்றியமையாதவை.

ஆகவே, எந்த இடத்தில் எந்தச் செய்தி வந்தால் திரும்புவோம் என்பதைப் புறப்படும் முன்னரே எழுதி வைக்கவேண்டும். 'அரை வழி வந்துவிட்டோம், இனிப் போய்விடலாம்' என்று மனம் சொல்லும் வேளையில், கரையில் அமைதியாக எழுதிய தாள் நமக்காகச் சிந்திக்கும்.

இன்னும் இரண்டு செய்திகள். தீவுகளில் வாழாத இந்தியரும் நுழைவு அனுமதி பெறவேண்டும். எங்கெங்கே தங்கலாம் என்பதை நிர்வாகத்திடம் முன்னரே கேட்டறியவேண்டும். நங்கூரத்தை மணலில் மட்டுமே இறக்கவேண்டும். கடல் வெப்பம் மிகுந்த 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் இங்குள்ள பவளங்கள் வெளுத்துப் பெரும் சேதமடைந்தன. மீண்டும் துளிர்க்க முயலும் பவளத்தின்மேல் இரும்பைப் போடுவது, நாம் காண வந்த தீவின் அடித்தளத்தையே உடைப்பதாகும்.

நீங்களே செய்து பாருங்கள்

இலட்சத்தீவு வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொச்சியிலிருந்து மினிக்காய்க்கு 398 கி.மீ. வேகம் 8 நாட். மறுநாள் பகல் 2 மணிக்கு முன் அங்கு சேரவேண்டும். எப்போது புறப்படுவீர்கள்? போகவர எத்தனை லிட்டர், சேமிப்புடன் எத்தனை? பிறகு, தெளிந்த இரவில் உங்கள் மொட்டை மாடிக்குச் சென்று வடக்கே பாருங்கள். கிருஷ்ணகிரி வாசகருக்குத் துருவ விண்மீன் 12½ பாகை உயரத்தில் தெரியும். அது 10 பாகைக்கு இறங்கும் வரை தெற்கே சென்று, பின் அந்த உயரம் மாறாமல் மேற்கே திரும்பினால் கல்பேனி இருக்கும்.