கல்லில் 20, வயதோ 17

பெல்ஜியத்தில் மோன்ஸ் நகருக்கு அருகே செயின்ட் சிம்ஃபோரியன் ராணுவக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஜான் பார் என்ற சிப்பாயின் கல்லில் இறந்த நாள் 1914 ஆகஸ்ட் 21, வயது 20 என்று செதுக்கியிருக்கிறார்கள். முதல் உலகப் போரின் மேற்கு முனையில் எதிரியால் கொல்லப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் இவரே என்பது பரவலான நம்பிக்கை. வயதோ பொய். பட்டாளத்தில் சேருவதற்காக வயதைக் கூட்டிச் சொன்ன பையனுக்கு இறந்தபோது 17தான். தேதியும் கேள்விக்குரியது. சைக்கிளில் வேவு பார்க்கப் போனவர் திரும்பவில்லை. அந்த இடமும் விரைவிலேயே ஜெர்மானியர் வசமானது. பிரிட்டிஷ் படை ஐரோப்பிய மண்ணில் முதல் குண்டைச் சுட்டது மறுநாள் 22ஆம் தேதி காலையில் என்று மோன்ஸுக்கு அருகே காஸ்டோவிலுள்ள நினைவுச் சின்னம் சொல்கிறது. அப்படியானால் முந்தைய நாளே பாரைக் கொன்றது யார்? சொந்தத் தரப்பின் குண்டாக இருக்கலாம் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு.

எல்லையை வகுக்காமல் 'முதல்வர்' என்று யாரையும் சொல்ல முடியாது என்பதே என் வாதம். ஆகஸ்ட் 6ஆம் தேதியே ஆம்ஃபியன் போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி, சுமார் 150 பிரிட்டிஷ் மாலுமிகள் மாண்டார்கள். அவர்கள் மேற்கு முனையின் சிப்பாய்கள் அல்ல என்பதால் இந்தக் கணக்கில் வருவதில்லை. பிரான்ஸின் ஜோன்ஷெரி கிராமத்தில் ஆகஸ்ட் 2 அன்று ஜெர்மன் லெப்டினன்ட் ஆல்பர்ட் மேயர் எல்லை தாண்டி வந்து, 21 வயது கார்ப்பரல் ஜூல்-ஆந்த்ரே பெஜோவைச் சுட்டார். பள்ளி ஆசிரியரான பெஜோ குண்டடி பட்ட நிலையிலும் திருப்பிச் சுட்டார். இருவரும் இறந்தார்கள். பிரான்ஸ் மீது ஜெர்மனி போர் அறிவித்தது மறுநாள்தான். ஆகவே இது போர்ச்சாவே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. என்னால் இதை ஏற்க முடியவில்லை. சீருடையோடும் துப்பாக்கியோடும் எல்லை தாண்டியபோதே போர் வந்துவிட்டது. ஆனால் அந்த அளவுகோலை எடுத்தால் பெஜோவும் முதல்வர் அல்ல. ஜூலை இறுதியிலேயே செர்பியத் தலைநகர் பெல்கிரேடு மீது குண்டுகள் விழத் தொடங்கியிருந்தன.

லட்சக்கணக்கானோர் மடிந்த போரில் முதல் பெயரைத் தேடி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. அப்படித் தேடுபவர் கல்வெட்டை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு தேதியையும் ஆவணத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டியிருக்கிறது. அப்போதுதான் ஆவணமே இல்லாதவர்களும் கண்ணில் படுகிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டது. அது 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றது. அவர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்கர், எகிப்தியர். கிழக்கு ஆப்பிரிக்காவில் படைகளுக்குச் சுமை தூக்கியவர்களில் முதலில் விழுந்தவர் யாரென்று தேடப் புகுந்தால், வயதைத் தப்பாகச் செதுக்கிய ஒரு கல்கூடக் கிடைப்பதில்லை.