கவர்னரைத் தெரிந்தெடுப்பவர் யார்?

திருச்செந்தூர்த் தொகுதியில் வாக்குரிமை பெற்ற நம்மவர் தம் சட்டசபை அங்கத்தினரைத் தாமே தெரிந்தெடுக்கின்றனர். ஆயின், மாநிலத்தின் முதல் ஸ்தானத்தில் வீற்றிருக்கும் கவர்னரைத் தெரிந்தெடுக்க அவர்களுக்கு வாக்கு இல்லை. இஃது ஏன் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாநிலக் கவர்னரை ஜனங்களே தெரிந்தெடுக்கின்றனர். மாஸசூஸெட்ஸ் மாநிலத்தில் 1839-ஆம் ஆண்டு நிகழ்ந்த தேர்தல் இதற்குச் சிறந்த உதாரணமாகும். அப்பொழுது கவர்னராயிருந்த எட்வர்டு எவரெட் என்பாரை எதிர்த்து மார்க்கஸ் மார்ட்டன் என்னும் நீதிபதி நின்றார். வெற்றி பெறுவதற்குப் பதிவான வாக்குகளிற் பாதிக்கு மேல் வேண்டுமென்பது அந்நாளைய விதி. பதிவானவை 1,02,066, மார்ட்டன் பெற்றவை 51,034. பாதிக்கு மேல் ஒரே ஒரு வாக்கு! எவரெட் அம்முடிவை எதிர்த்து வழக்காடாமல் பதவியை விட்டு விலகினார்.

நம் தேசத்திலும் கவர்னர் தேர்தல் வாயில்வரை வந்து திரும்பிற்று. பிரிட்டிஷ் ஆட்சியில் சென்னைக் கவர்னர்கள் நியமனம் பெற்றே வந்தனர். 1947 ஜூலையில் அரசியல் நிர்ணய சபை, சர்தார் பட்டேல் தலைமை வகித்த குழுவின் யோசனைப்படி, வயது வந்தோர் யாவரும் கவர்னரை நேரே தெரிந்தெடுக்க வேண்டுமென்னும் கொள்கையை ஏற்றது. எனினும், 1949 மே மாதத்தில் அதே சபை அக்கொள்கையைக் கைவிட்டு, ராஷ்டிரபதியே அவரை நியமிக்க வேண்டுமென முடிவு செய்தது.

இம்மாற்றத்தின் காரணத்தை அறியத் தூத்துக்குடித் தோணியை நினைத்தல் போதும். தோணிக்குத் தண்டல் ஒருவரே, சுக்கானும் ஒன்றே. அமெரிக்கக் கவர்னர் தாமே நிர்வாகத்தை நடத்துபவர். அங்கு அவரே தண்டல். நம் மாநிலத்திலோ, சட்டசபைக்குப் பொறுப்பான முதன் மந்திரியே சுக்கானைப் பிடிப்பவர். கவர்னரும் ஜனங்களின் வாக்கைப் பெற்று வருவாராயின், "என்னையும் ஜனங்களே அனுப்பினர்" என்று அவரும் சுக்கானிற் கைவைப்பார். ஓர் உறையில் இரு வாள் தங்குமோ?

இதில் நாம் இழந்ததும் ஒன்று உண்டு. நியமனம் பெற்றவர் தவறினால் அவரை நீக்கும் அதிகாரம் வாக்காளருக்கு இல்லை. ஆகலின், நம் கையில் எஞ்சிய சட்டசபை வாக்கின்மீதே முழுப் பாரமும் சார்கின்றது. சுக்கானைப் பிடிப்பவர் யாவர் என்பதை அதுவே நிர்ணயிக்கின்றது. ஒரு வாக்கினால் என்ன ஆகுமென்று தேர்தல் நாளில் வீட்டிலிருக்கும் அன்பர் எவரேனும் உளராயின், அவர் மார்ட்டனின் கணக்கை ஒருமுறை கூட்டிப் பார்ப்பாராக.