குஞ்சு கழிகிறதா? முதலில் சூட்டைப் பாருங்கள்

தாய்க்கோழியின் இறக்கைக்குள் படுத்து வளரும் குஞ்சுக்கு வயிற்றுக் கோளாறு குறைவாகவே வருகிறது. இன்குபேட்டரில் பொரித்து, அட்டைப்பெட்டியில் பஸ் ஏறி வரும் குஞ்சுகள்தான் முதல் வாரத்தில் அதிகம் அவதிப்படுகின்றன. சந்தையில் வாங்கிய குஞ்சு இரண்டு நாளில் வாடிவிட்டது என்று வருந்தும் பலர், உடனே அரைத்து ஊற்ற ஏதாவது மருந்து உண்டா என்றுதான் கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தக் குஞ்சுக்குத் தேவைப்படுவது சூடும் தண்ணீரும்தான்.

பின்பக்கம் எச்சம் அடைத்துக்கொண்டால்

முதல் வாரத்தில் மிகுதியாகக் காணும் தொல்லை இது. எச்சம் பசைபோல் ஒட்டி, காய்ந்து, ஆசனவாயையே மூடிவிடும். கவனிக்காமல் விட்டால் குஞ்சு இறந்துபோகும். பயணக் களைப்பு, நீர்ச்சத்துக் குறைவு, குளிர், அளவு மீறிய சூடு ஆகியவையே பெரும்பாலும் காரணம்.

வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சை எச்சத்தின் மேல் வைத்து, அது ஊறும்வரை பொறுத்திருங்கள். பிய்த்து இழுத்தால் மென்மயிரோடு தோலும் கிழியும். அந்தப் புண்ணை மற்ற குஞ்சுகள் கொத்தும். ஊறியதும் மெல்லத் துடைத்து, ஈரம் போக ஒற்றி, ஒரு துளி தேங்காய் எண்ணெய் தடவி, சூட்டில் விடுங்கள். ஈரத்தோடு விட்டால் குளிரில் அடுத்த அடைப்பு வரும். ஓரிரு நாளுக்குக் காலையும் மாலையும் பார்த்துவர வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆசனவாய்க்குக் கீழே, வயிற்றுப் பக்கத்தில் கறுப்பாக ஒட்டியிருப்பது தொப்புள். அதை எச்சம் என்று எண்ணிச் சுரண்டிவிடாதீர்கள்.

சூடு சரியா என்பதைக் குஞ்சே காட்டும்

முட்டையின் மஞ்சள் கரு, பொரிப்பதற்குச் சற்று முன் குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு அதுவே உணவு. குளிரில் வாடும் குஞ்சுக்கு இந்தக் கரு சரியாகச் செரிக்காது. வயிறு உப்பித் தொங்கும். அந்த நிலைக்குப் போன குஞ்சைக் கைவைத்தியத்தால் மீட்பது கடினம்.

முதல் வாரம் குஞ்சின் உயரத்தில் 95 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்து வரலாம். வெப்பமானி இல்லையா? குஞ்சுகளைப் பாருங்கள். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் குளிர்கிறது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்துத் தூங்கினால் சரி. இப்போது எல்லார் வீட்டிலும் இருக்கும் எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமே தவிர, குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தராது. பழைய குண்டு பல்புதான் வேண்டும்.

அடுப்படியில் இருப்பவை

தொலைவிலிருந்து வந்த குஞ்சுக்கு முதல் சில மணி நேரம் கருப்பட்டியோ வெல்லமோ சிறிது கரைத்த நீர் தெம்பு தரும். அதையே நாள் கணக்கில் வைத்தால் எச்சம் இளகும், தண்ணீர்த் தட்டும் நொதித்துப் போகும். பிறகு காய்ச்சி ஆறவைத்த வெறும் நீர் போதும். வயிறு இளகியிருந்தால் நொய்யரிசியை உப்பில்லாமல் குழைய வேகவைத்து, ஆறியபின் கொஞ்சமாக வையுங்கள்.

சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியவற்றை அரைத்துத் தீவனத்தில் கலந்து கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. கொஞ்சம் வளர்ந்த குஞ்சுக்கு அளவோடு கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பொரித்து இரண்டு மூன்று நாளே ஆன குஞ்சின் வாயைத் திறந்து காரச்சாறு ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் அதுவே உயிரை எடுத்துவிடும்.

பாலைக் கோழிகளால் சரியாகச் செரிக்க முடியாது; கழிச்சல் கூடும். உப்பிட்ட மிச்சச் சோறும் ஊறுகாயும் குஞ்சுக்கு நஞ்சுபோல. மனிதருக்கு வாங்கிய வயிற்றுப்போக்கு மாத்திரையைப் பொடித்துப் போடுவதும் கூடாது.

கைவைத்தியம் கேட்காத கழிச்சல்

நாளில் ஓரிரு முறை வரும் காப்பி நிறப் பசை எச்சம் இயல்பானது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இரத்தம் கலந்து வந்தால் கதையே வேறு. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளை அதிகம் தாக்கும் இந்த இரத்தக் கழிச்சலுக்குக் காரணம் ஓர் ஒட்டுண்ணி. ஈரமான உமியில் அது பெருந்தொகையாய்ச் சேரும். மருத்துவர் ஆம்ப்ரோலியம் போன்ற மருந்தைத் தண்ணீரில் கலக்கச் சொல்வார். அது அந்த ஒட்டுண்ணிக்கு பி1 சத்துக் கிடைக்காமல் செய்து வேலை செய்கிறது. அதனால் அந்த நாள்களில் தெம்புக்கென்று பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கையும் சேர்த்து ஊற்றினால் மருந்தின் பலன் குறைந்துவிடும். ஈர உமியை அள்ளிவிட்டுக் காய்ந்ததைப் பரப்புவது உங்கள் பங்கு.

முட்டை வழியாகவே வரும் சால்மோனெல்லா கிருமியால் முதல் இரண்டு வாரத்தில் வெள்ளையாய்க் கழிந்து குஞ்சுகள் கொத்துக் கொத்தாய்ச் சாகலாம். இராணிக்கெட் நோயிலும் வெள்ளையும் பச்சையுமாய்க் கழியும், கழுத்து திருகும். இதற்கு மருந்தில்லை, தடுப்பு மட்டுமே உண்டு. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. இந்த இரண்டையும் எந்தக் கஷாயத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.

நோய்ப்பட்ட குஞ்சைத் தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கலர் குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் அந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். சில சால்மோனெல்லா கிருமிகள் மனிதர் வயிற்றையும் கெடுக்கும். ஒரே நாளில் இரண்டு மூன்று குஞ்சு செத்தால், ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, ஐஸ் சுற்றி, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அறுத்துப் பார்த்து அவர் காரணத்தைச் சொன்னால் மிச்சமுள்ள குஞ்சுகளுக்குச் சரியான மருந்தைத் தொடங்கலாம்.