கற்பகவல்லியும் இணுவிலும்



கோயில் ஒலிபெருக்கியில் டி. எம். சௌந்தரராஜன் பாடும் ‘கற்பகவல்லி’ பாடலைக் கேட்காத காது வட்டுக்கோட்டையில் இருக்காது. மயிலாப்பூர் கற்பகாம்பாளைப் பாடிய அந்தப் பாட்டை எழுதியவர் யார் தெரியுமா? நம் அயலூர்க்காரர்!

வட்டுக்கோட்டையிலிருந்து சங்கானை, மானிப்பாய் கடந்து சற்றுக் கிழக்கே போனால் இணுவில். அங்கே 1931இல் பிறந்தவர் ந. வீரமணி ஐயர். சென்னை கலாக்ஷேத்திராவில் நடனம் பயின்று, ஊர் திரும்பி, கோப்பாய் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் விரிவுரையாளராக இருந்தார். சென்னையில் படித்த காலத்தில் பிறந்ததுதான் ‘கற்பகவல்லி’.

அடுத்த முறை அந்தப் பாடலைச் சற்று உன்னிப்பாகக் கேளுங்கள். அது ஓர் இராகமாலிகை. ஆனந்தபைரவி, கல்யாணி, பாகேஸ்ரீ, ரஞ்சனி என்று இராகம் மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு இராகத்தின் பெயரும் அம்மனை அழைக்கும் பெயராகவே வரிக்குள் ஒளிந்திருக்கும். இதை இராகமுத்திரை என்பார்கள். பெயரும் பொருந்த வேண்டும், பொருளும் பிசகக் கூடாது, தாளமும் தப்பக் கூடாது. லேசான வேலையா அது?

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா இராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றிய ஐயர், 2003இல் மறைந்தார். பாடியவரின் குரலை எல்லோரும் அறிவோம். எழுதிய கை இணுவிலுக்குரியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வோம்.